இழுக்கும் கத்தி

"டிங்."

பின்பக்கத்துக் கொட்டிலிலிருந்து வந்தது அந்தச் சத்தம். கண்ணாடித் தம்ளரில் கரண்டி பட்டதுபோல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். முன்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த டொறீனின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. வத்தளையில் தன் மகன் வீட்டு அறையில் தங்கைக்காகப் போட்டிருக்கும் கட்டிலைப் பற்றியும், அந்த ஜன்னலால் வரும் காற்றைப் பற்றியும் அவள் பேசிக்கொண்டே போனாள்.

ஆனால் தங்கை கெத்தரினுக்கு அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. உருக்கு வெடிக்கிற சத்தம் அது. நெருப்பில் சிவந்த கத்தியைத் தண்ணீரில் முக்கும்போது, தாங்க முடியாமல் அது போடுகிற கடைசிச் சத்தம். இந்த வருஷம் முழுக்க இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். ஆனால் இன்றைக்கு மட்டும் கேட்கக் கூடாது என்றுதான் காலைப் பூசையில் முழங்காலில் நின்று மன்றாடியிருந்தாள்.

கொட்டிலின் கதவு திறந்தது. அவள் கணவர் லோரன்ஸ், கரி படிந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"போச்சா?" என்றாள் கெத்தரின்.

"போச்சு புள்ள."

டொறீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன போச்சு? யாரு போனா?"

"கத்தி, மதினி. வெடிச்சிருச்சு."

"அட! நான் பயந்தே போனேன்." டொறீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "இந்த வயசுல உங்களுக்கு இந்த வேலை எதுக்கு லோரன்ஸ்? மாத்தளை டவுன்ல கடைக்குக் கடை கத்தி தொங்குது."

லோரன்ஸுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. பலாபத்வலையில் அந்த ரோட்டோரத்து வீட்டைக் கடந்து போகிற எல்லோரும் கேட்டுவிட்ட கேள்விதான் அது.

லோரன்ஸ் கொல்லர் பரம்பரை அல்ல. வாழ்நாளெல்லாம் தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிய லொறி டிரைவர். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் கண்ணைத் தொட்ட பிறகு லொறியை விற்க வேண்டி வந்தது. அப்போதும் கழற்றிப் போட்ட ஒரு பழைய பிரேக் ட்ரம்மையும், முறிந்த ஸ்பிரிங் பட்டைகளையும் மட்டும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருநாள் கைபேசியில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் பிரேக் ட்ரம்மில் நெருப்பு மூட்டி இரும்பு அடிப்பதைப் பார்த்தார். மறுநாளே கொட்டிலில் புகை எழுந்தது.

ஊதுவதற்கு முதலில் அவர் எடுத்தது, துபாயில் இருக்கும் மகள் ரொஷானி விட்டுப்போன தலைமயிர் காய வைக்கும் மெஷின். அது சிரட்டைக் கரிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் உயிரோடு இருந்தது. பிறகு பழைய சைக்கிள் சில்லு ஒன்றில் பட்டியும் கைப்பிடியும் மாட்டிக் காற்றாடி செய்தார். தண்டவாளத் துண்டொன்று இரும்பு அடிக்கும் பட்டடையானது. கை சுட்டது, புருவம் கருகியது, சட்டைகளில் பொத்தல் விழுந்தது. கொக்கி வந்தது. ஆணி வந்தது. குறடு வந்தது. முன்கதவுக்குக் கோணலாக ஒரு கொண்டி வந்தது. "பொழுதுபோக்குக்கு ஆள் மீன் வளர்ப்பான், நீங்க நெருப்பு வளர்க்கிறீங்க" என்று கெத்தரின் சிரிப்பாள்.

அப்போது அவளுக்கு இரண்டு கையும் இருந்தது. பலாபத்வலைச் சந்திக் கடைக்கு நாள் தவறாமல் சோத்துப் பார்சல் கட்டிக் கொடுத்த கை அது. போஞ்சியை அவள் அரிகிற வேகத்தைப் பார்க்கவே பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள்.

பாரிசவாதம் வந்து அந்த வலது கையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கால் மெல்லத் திரும்பியது, பேச்சுத் திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை. மடியில் கிடக்கும் அந்தக் கையைப் பார்த்து அவள் அழுத அழுகையைக் கொட்டிலில் இருந்து கேட்டவர் லோரன்ஸ். அன்றோடு கொக்கியும் ஆணியும் நின்றன. இடது கைக்குத் தோதாக, பிடி தடித்து, பாரம் குறைந்த ஒரு கத்தி. அதை அடிப்பதுதான் அவருக்கு உலகம் என்றாகிவிட்டது.

டொறீனுக்கு இதெல்லாம் விளையாட்டாகத் தெரிந்தது. லோரன்ஸ் ஆக்கிய அடிப்பிடித்த சோற்றைத் தின்று தங்கை வாடுகிறாள் என்று அவளுக்குப் பயம். வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அறையில் இன்னொரு பெண்ணுக்குத்தான் இடம் உண்டு, லோரன்ஸுக்கு இல்லை. கடைசியில் போன வாரம் தொலைபேசியில் ரோஷம் பொங்கிக் கெத்தரின் சொல்லிவிட்டாள்: "ஞாயித்துக்கிழமை வாங்கக்கா. என் கையால ஆக்கிப் போடுறேன். முடியலேன்னா பேசாம உங்களோட பஸ் ஏறிடுறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது. பின்னேரக் கொழும்பு பஸ்ஸுக்குப் போக டொறீன் ஒரு பெரிய வெற்றுப் பையோடு வந்திருந்தாள்.

"முந்தி அடிச்ச கத்தி இருக்குல்ல. அது போதும்" என்று எழுந்தாள் கெத்தரின்.

சமையலறையில் ஒரு பலகை. அதில் லோரன்ஸ் அடித்த இரண்டு ஆணிகள் கூர் மேலே தெரிய நின்றன. கெத்தரின் ஒரு கரட்டை அதில் குத்தி நிறுத்தினாள். இனி மறுகை பிடிக்கத் தேவையில்லை. இடது கையால் கத்தியை எடுத்து அழுத்தினாள்.

கத்தி உள்ளே இறங்கவில்லை. பாதி வழியில் இடப்பக்கமாக ஓடி வழுக்கியது. மீன் செதில் போல ஒரு சின்னத் துண்டு விழுந்தது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் வெளியே ஓடியது. மூன்றாவது தரம் மூச்சைப் பிடித்து அழுத்தினாள். கரட் ஆணியிலிருந்து பிய்த்துக்கொண்டு தரையில் உருண்டு டொறீனின் காலடியில் போய் நின்றது.

ரோட்டில் ஒரு லொறி ஏற்றத்துக்கு முக்கிக்கொண்டு போனது.

டொறீன் குனிந்து கரட்டை எடுத்துக் கழுவினாள். தங்கையின் கையிலிருந்து கத்தியை மெல்ல வாங்கினாள். சரக் சரக்கென்று வெட்டினாள். காசு காசாக விழுந்தது கரட்.

"கத்தி நல்லாத்தான்டி இருக்கு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கத்தியை என்ன குறை சொல்றது?"

அடித்திருந்தால்கூடக் கெத்தரினுக்கு இப்படி வலித்திருக்காது. பச்சாதாபத்தை விடக் கூரான ஆயுதம் உலகத்தில் உண்டா? டொறீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. தங்கையின் உடுப்புகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

லோரன்ஸ் சுவரைப் பார்த்து நின்றார். "என்னால முடியலே புள்ள. எனக்கு லொறி ஓட்டத்தான் தெரியும்" என்றார். அந்தப் பெரிய மனிதரின் தோள் குலுங்கியது.

கெத்தரின் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டொறீன் வெட்டிய துண்டுகள் எல்லாம் கத்தியின் வலப்பக்கம் அழகாகச் சாய்ந்து கிடந்தன. அதே கத்தி. தன் கையில் ஏன் இடப்பக்கமாகவே ஓடுகிறது? கை நடுங்கினால் இங்கேயும் அங்கேயும் அல்லவா போக வேண்டும்? ஒவ்வொரு தரமும் ஒரே பக்கம்?

கத்தியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பெருவிரலால் ஒரு பக்கம் தடவினாள். சரிவு. மறுபக்கம் தடவினாள். சுவர் போல நேராக இருந்தது.

"ஏங்க" என்றாள். "கத்தி இழுக்குது."

லோரன்ஸ் திரும்பினார்.

"இடது பக்கம் இழுக்குதுங்க. எப்ப வெட்டினாலும் இடது பக்கம்தான். இங்க பாருங்க, வலது பக்கம் மட்டும்தான் தீட்டியிருக்கீங்க."

லோரன்ஸ் கத்தியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அவருக்கு அது கத்தியாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் சரிந்த ரோட்டாகத் தெரிந்தது. வலப்பக்கச் சரிவைக் காய் தள்ளும், கத்தி இடப்பக்கம் போகும். வலது கைக்காரனுக்கு அது கத்தியைக் காய்க்குள்ளே தள்ளும். இடது கைக்கு வெளியே தள்ளும். தீட்டுகிறபோது தன் வலது கைக்கு எது வாகோ அந்தப் பக்கத்தையே ஒவ்வொரு கத்தியிலும் தேய்த்து வந்திருக்கிறார்! இடது கைக்கென்று பிடியைச் செதுக்கினார், பாரத்தைக் குறைத்தார், வெட்டுவாயை மட்டும் தன் கைக்கே வைத்துவிட்டார்.

"ஐயோ, மடையன் நான்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். கரி இன்னும் கொஞ்சம் அப்பியது. "வண்டி இழுத்தா டிரைவரையா குறை சொல்லுவாங்க? இத்தனை நாளா உன் கையை அல்லவா குறை சொல்லிட்டு இருந்தோம்!"

"இன்னொரு துண்டு இருக்குல்ல?"

"அடிச்சுத் தட்டி வச்சது ஒண்ணு இருக்கு. ஆனா அதுவும் வெடிச்சா?"

கெத்தரின் ஒரு கணம் நின்றாள். பிறகு அடுப்புக்கு மேலே கையை நீட்டித் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். தண்ணீர் வேண்டாம், எண்ணெயில் முக்கிப் பார்க்கிறேன் என்று லோரன்ஸ் கெஞ்சாத நாள் இல்லை. எண்ணெய் விற்கிற விலைக்கு அதைக் கரியில் ஊற்றுவீர்களா என்று விரட்டியவள் அவள்தான்.

"இந்தாங்க. முழுசையும் ஊத்துங்க."

கொட்டிலில் மறுபடி நெருப்பு எழுந்தது. லோரன்ஸ் துண்டைத் தண்டவாளத்தில் இறுக்கி, இந்த முறை இடப்பக்கத்தை அரத்தால் தேய்த்தார். வாகில்லாத பக்கம். அரம் வழுக்கி விரலைக் கீறியது. அவர் நிறுத்தவில்லை. கெத்தரின் முக்காலியில் உட்கார்ந்து இடது கையால் காற்றாடியைச் சுற்றினாள். சுற்றச் சுற்றச் சிரட்டைக் கரி கண் விழித்தது. கத்தி கறுப்பிலிருந்து சிவப்பாகி, சிவப்பிலிருந்து பழுத்த தோடம்பழத்தின் ஆரஞ்சு நிறமானது.

டொறீன் பையோடு வாசலில் வந்து நின்றாள். "பஸ்ஸுக்கு நேரமாகுதுடி. இப்ப என்ன கூத்து இது?"

"கொஞ்சம் பொறுங்கக்கா. இந்த ஒண்ணு மட்டும்."

லோரன்ஸ் குறடால் கத்தியைத் தூக்கினார். பழைய மீன் டின்னில் இருந்த எண்ணெய்க்குள் இறக்கினார். புஸ்ஸென்று புகை எழுந்தது. ஒரு சின்னத் தீ நாக்கு எட்டிப் பார்த்து அடங்கியது. கெத்தரின் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினாள். ஆண்டவரே, அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம். எங்கள் இரண்டு பேரையும் பிரித்துப் போடாதேயும்.

எண்ணெய் கொதித்தது. பிறகு கொதிப்பு அடங்கியது. வேறு சத்தம் வரவில்லை.

"வீடு முழுக்கப் பலகாரம் சுட்ட மணம்" என்றாள் டொறீன், மூக்கைச் சுருக்கிக்கொண்டு. "தின்ன மட்டும் ஒண்ணும் இல்லே."

யாரும் எதிர்பாராமல் கெத்தரின் சிரித்தாள். நோய்க்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததை லோரன்ஸ் கேட்டதில்லை.

சூடான இரும்புப் பட்டையில் கத்தியைக் கிடத்தி, நிறம் வைக்கோல் போல மாறும்வரை காத்திருந்து, பழைய கத்தியின் பிடியைக் கழற்றி இதில் மாட்டி, கல்லில் தீட்டி முடிக்க நேரம் போனது. பின்னேர பஸ்ஸும் போனது. டொறீன் முணுமுணுத்துக்கொண்டே, கேட்காமலேயே, அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தாள். "சோறு கணக்குல வராது. கறிதான் உன் பொறுப்பு" என்றாள்.

கெத்தரின் பலகைக்கு முன்னால் நின்றாள். கரட்டைக் குத்தினாள். கத்தியை வைத்தாள். அழுத்தினாள்.

அது இறங்கியது.

கத்தி அவள் சொன்ன இடத்தில் இறங்கி, பலகையில் 'டொக்' என்று நின்றது. துண்டு தடிப்பாகத்தான் இருந்தது. அடுத்தது கோணல். அதற்கடுத்தது ஒரு பக்கம் பருமன், ஒரு பக்கம் மெலிவு. பழைய கெத்தரின் கண்டிருந்தால் குப்பையில் போட்டிருப்பாள். ஆனால் ஒன்றுகூட வெளியே ஓடவில்லை. டொக். டொக். டொக். அவள் கன்னத்தால் கண்ணீர் வழிந்து பலகையில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. இருந்த ஒரு கைக்கு வேலை இருந்தது.

கரட் பால்கறியும் பருப்பும் ஆகும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டொறீன் இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டாள்.

"உப்புக் கொறைவு" என்றாள்.

"எங்க வீட்டுல அழுதுட்டே சமைச்சோம் மதினி, உப்பு கூடத்தான் இருக்கணும்" என்றார் லோரன்ஸ்.

டொறீனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. எழுந்து கை கழுவிவிட்டு அறைக்குள் போனாள். கெத்தரின் பின்னாலேயே போனாள். டொறீன் பையைத் திறந்து உடுப்புகளை எடுத்து, ஒவ்வொன்றாக நீவி, அலுமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்காக மட்டும்தான் கூப்பிட்டேன்னு நெனைக்காதடி" என்றாள் முகத்தைத் திருப்பாமல். "மகனும் மருமகளும் காலையில போனா ராவாயிரும். பக்கத்துக் கட்டில்ல ஒரு ஆள் இருந்தா பேசலாமேன்னுதான்."

கெத்தரின் அக்காவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். இத்தனை காலமும் தன்னைப் பிடுங்கிப் போக வந்தவள் என்றே அக்காவை நினைத்திருந்தாளே!

"அந்தக் கட்டிலை எடுத்துராதீங்க. நத்தார் பண்டிகைக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம். அவர் தரையில படுப்பார்."

"லொறிக்கு அடியில படுத்த ஆள்தானே" என்று மூக்கை உறிஞ்சினாள் டொறீன்.

கடைசிக் கொழும்பு பஸ்ஸுக்கு நேரமானது. லோரன்ஸ் பழைய கத்திக்கு அவசரமாக ஒரு மரப்பிடி மாட்டி, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். "இது வலது கைக்குத்தான் வெட்டும் மதினி. இங்க இனி யாருக்கும் உதவாது. நீங்க கொண்டு போங்க."

டொறீன் அதை வெற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று தங்கையின் செத்த கையை எடுத்து முத்தமிட்டாள். பிறகு ரோட்டைப் பார்த்து நடந்தாள். லோரன்ஸ் பஸ்ஸை நிறுத்தக் கையைக் காட்டியபடி அவளுக்கு முன்னால் ஓடினார். பஸ் நின்றது, அவளை ஏற்றிக்கொண்டது, ஏற்றத்தில் மறைந்தது.

லோரன்ஸ் திரும்பி வந்தபோது தூறத் தொடங்கியிருந்தது. மழை ஈரத்தில் ஊதி இறுகும் முன்கதவைச் சாத்துவது நோய் வந்த நாள் முதல் அவர் வேலை. அவர் கையை நீட்டினார்.

"விடுங்க" என்றாள் கெத்தரின்.

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு முனகியது. லோரன்ஸ் அடித்த அந்தக் கோணல் கொண்டியை இடது கையால் இழுத்து மாட்டினாள். கதவு சாத்திக்கொண்டது.