ரத்தம் வராத ஈறு

ரூபேந்திரனுக்கு வேலை நாற்பது மீட்டர் உயரத்தில், துறைமுகக் கிரேனின் கண்ணாடி அறைக்குள். காலுக்கடியிலும் கண்ணாடிதான். குனிந்து பார்த்தபடியே கப்பலிலிருந்து கொள்கலன்களைத் தூக்கி லாரிகளில் இறக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் மாற்றாள் ஏறிவருவார். வீடு பெர்மாஸ் ஜெயா என்ற குடியிருப்பில். மனைவி கஸ்தூரி ஒரு கிண்டர்கார்டனில் ஆசிரியை.

பதினெட்டு வயதில் பிடித்த சிகரெட்டை நாற்பத்து மூன்றாவது வயதில் ரூபேந்திரன் விட்டார். மூன்றாவது வாரம் பல் துலக்கும்போது நுரை சிவப்பாக வந்தது. ஆப்பிளைக் கடித்தாலும் சிவப்புத் தடம்.

“இருபத்தஞ்சு வருஷம் ஊதினேன், ஒரு சொட்டு வரல. விட்டதும் வருது. இது எனக்கு ஒத்துக்கல லா,” என்றார் மனைவியிடம்.

“கிளினிக்ல போய்க் காட்டுங்க.”

போகவில்லை. மறுபடியும் பற்றவைத்தார். சில வாரங்களில் ரத்தம் நின்றது. தான் நினைத்தது சரிதான் என்று இருந்துவிட்டார்.

மூன்று ஆண்டுகளில் முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து விழுந்தது. பற்கள் வளர்ந்துவிட்டதுபோல் தெரிந்தன. ஈறு விலகி வேர்தான் வெளியே வந்துகொண்டிருந்தது. ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. அவர் பேசும்போது கஸ்தூரி முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டாள். காரணம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. முரட்டுப் பிரஷ் வாங்கி அழுத்தித் தேய்த்தார். ஈறு இன்னும் விலகியது. டாக்டரிடம் போனால் எல்லாப் பல்லையும் பிடுங்கச் சொல்வார்கள் என்று பயம். வலியென்று வேலையிடத்தில் சொன்னாலோ, கிரேனில் ஏறவிட மாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கப்பலில் பாதிச் சரக்குகூட இறங்காத நேரத்தில், கீழ்க்கடைவாய் ஈறு வீங்கித் துடிக்க ஆரம்பித்தது. வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் ஐயாசாமியை அழைத்தார்.

“மாத்த ஆள் இருக்காண்ணே?”

“ரெண்டு மணி நேரம் ஆகும்பா. ஏன், என்னாச்சு?”

“ஒண்ணுமில்லண்ணே. சும்மா கேட்டேன்.”

குனிந்தால் துடிப்பு இரட்டிப்பானது. குனியாமல் அந்த வேலை இல்லை. கொள்கலன் ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது வாய்க்குள் ஏதோ உடைந்தது. சூடாக, உப்பும் கசப்புமாகச் சீழ் நாக்கில் பரவியது. இரண்டு கைகளும் நெம்புகோல்களில் இருந்தன. கீழே லாரி ஓட்டுநர் காத்திருந்தார். ரூபேந்திரன் அதை விழுங்கிவிட்டு, கொள்கலனை மெதுவாக லாரியில் உட்காரவைத்தார்.

மறுநாள் காலை அரசாங்கப் பல் கிளினிக்கில் டாக்டர் நிர்மலாதேவி மெல்லிய கம்பியை ஈறோரமாக விட்டு, தாதிக்கு எண்களைச் சொன்னார். “ஏழு… எட்டு… ஆறு…”

“என்ன கணக்கு டாக்டர் இது?”

“பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விழுந்த பள்ளம், மில்லிமீட்டர்ல. மூணைத் தாண்டக் கூடாது.”

ரூபேந்திரன் சிகரெட்டை விட்டு மறுபடி பற்றவைத்த கதையைச் சொன்னார். டாக்டர் கம்பியைக் கீழே வைத்தார்.

“சிகரெட் ஈறுல இருக்கற ரத்தக் குழாயைச் சுருக்கிடும். நோய் உள்ளுக்குள்ள இருக்கும், ரத்தம் மட்டும் அவ்வளவா வராது. நீங்க விட்டப்ப நோய் புதுசா வரல. அப்பதான் வெளிய தெரிஞ்சது.”

“அன்னிக்கே வந்திருந்தா?”

“பல்லைத் தாங்கற எலும்பு இவ்வளவு போயிருக்காது.”

ஆடிப்போயிருந்த இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்தார்கள். பிறகு நான்கு முறை வரவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கடியில் வேரில் கெட்டியாக ஒட்டியிருந்த பற்காரையைச் சுரண்டினார்கள். சர்க்கரை இருந்தாலும் ஈறு கெடும் என்று ரத்தம் சோதித்தார்கள், அது இல்லை. இனி மிருதுவான பிரஷ், பல்லிடுக்குக்குத் தனியாக ஒரு குட்டிப் பிரஷ் என்றார்கள்.

“போன எலும்பு திரும்ப வருமா டாக்டர்?”

“பழையபடி வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவ வாங்க. சிகரெட்ட விடாம இதெல்லாம் செஞ்சா பாதி பலன்கூட இல்ல.”

“எத்தன நாளைக்கு வரணும்?”

“பல் இருக்கற வரைக்கும்.”

வீக்கம் வடிந்ததும் ஈறு மேலும் சுருங்கி, பற்கள் முன்னைவிட நீளமாகத் தெரிந்தன. குணமானதன் அடையாளமே அதுதான் என்றார் டாக்டர். கண்ணாடி முன் நின்ற ரூபேந்திரனுக்கு அதை நம்பக் கஷ்டமாக இருந்தது.

சிகரெட்டை விட்டு இப்போது ஐந்து மாதம். ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் கொட்டகையில் கூடிப் புகைக்கிறார்கள். அங்கே போனால் கை நீண்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் கிரேன் படிக்கட்டின் பாதி வழியில், இரும்புத் தளத்தில் உட்கார்ந்து, சோற்றை ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டுவிட்டு, நேரம் முடியும் வரை அங்கேயே இருக்கிறார்.