முழங்கால் தெரிய ஒரு வேலை

கதவு திறந்துவிடுகிறவனை உலகத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவன் பாவாடை கட்டியிருந்தால் மட்டும் கதவை ஒருவரும் பார்ப்பதில்லை.

ரொறன்ரோ நகரின் நடுவில், ஏரிக்காற்று நேரே வந்து முட்டுகிற தெருவொன்றில், ஒரு ஹோட்டலின் வாயிலில் நிற்பது என் தொழில். ஹோட்டலைக் கட்டியவர் ஸ்கொட்லாந்துக்காரராம். அதனால் கம்பளத்திலும் கட்டம், திரைச்சீலையிலும் கட்டம். வாயிலில் நிற்கிற எங்களுக்கும் கட்டம் போட்ட, மடிப்பு வைத்த, முழங்காலோடு நின்றுவிடுகிற கம்பளிப் பாவாடை. அதற்குக் ‘கில்ற்’ என்று பெயர். பாவாடை என்று சொல்லக்கூடாது என்று மனேஜர் கிறெக் முதல் நாளே சொன்னார். சொல்லக்கூடாது என்றவற்றை மட்டுமே நாற்பது வருடமாகச் சொல்லி வந்தவன் நான். ஆகவே பாவாடை என்றே எழுதுகிறேன்.

கோப்பிக் கடையின் தொப்பி, பண்டசாலையின் மஞ்சள் மேலங்கி, முதியோர் இல்லத்தின் பூப்போட்ட சட்டை என்று முதலாளி தந்த உடுப்புக்குள் தினமும் எட்டு மணித்தியாலம் அடைபட்டவர்களே, என் துன்பம் உங்களுக்குத்தான் விளங்கும்.

இது கனடாவில் எனக்குப் பன்னிரண்டாவது வேலை. மற்றப் பதினொன்றும் துண்டுப்பிரசுரத்தால் போனவை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மிச்சப் படிப்பு முழுவதும் கட்சிகளின் எட்டுப் பக்கப் பிரசுரங்களில் படித்தது. படித்தவன் சும்மா இருக்கலாமா? போன இடமெல்லாம் நானும் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை அப்படிச் செய்ய முடியாது. மனைவி பூமணிக்குச் சீனி வருத்தம். அவளுடைய இன்சுலின் ஹோட்டல் தருகிற காப்புறுதியில் வருகிறது. அவளுக்கு அறுபத்தைந்து ஆனால் மருந்தை மாகாணம் பார்த்துக்கொள்ளும். வேலைக்குப் புறப்பட்ட முதல் நாள் காலை அவள் சொன்னாள்: “இன்னும் பதினாலு மாசம். கதவைத் திறவுங்கோ, வாயைத் திறவாதேங்கோ.”

மடிப்பு எந்தப் பக்கம்

உடுப்பு அறைக்குப் பொறுப்பு மார்லின். ஜமேக்காவிலிருந்து வந்து முப்பது வருடமாக அங்கேயே இருக்கிறவள். பாவாடை, இடுப்பின் முன்னால் தொங்குகிற தோல்பை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிற காலுறை எல்லாவற்றையும் மேசையில் வைத்து, “கட்டத் தெரியுமா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மீசை முளைக்க முன்னமே சாரம், அதுதான் லுங்கி, கட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆனால் அந்தப் பாவாடையில் மூன்று வார்கள் இருந்தன. ஒரு பக்கம் முழுக்க மடிப்பு, மறுபக்கம் தட்டை. எங்கள் வழக்கத்தில் மடிப்பு என்றால் அது முன்னுக்குத்தான். வேட்டிக்கும் சேலைக்கும் கொய்யகம் முன்னால்தானே விழும்? பின்னுக்கு மடிப்பு வைத்தவனை ஊரில் மாப்பிள்ளையாகவே எடுக்கமாட்டார்கள். ஆகவே மடிப்பெல்லாவற்றையும் முன்னுக்கு விட்டு, அதன் மேலே தோல்பையைத் தொங்கவிட்டு, இரண்டு மணித்தியாலம் மிகவும் கம்பீரமாகக் கதவு திறந்தேன். ஒரு கிழவர் வெளியே வந்தார். உண்மையான ஸ்கொட்லாந்துக்காரர், அவர்கள் ஊரில் மடிப்பு பின்னுக்குத்தானாம். தடியை ஊன்றி என்னை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “மன்னிக்க வேண்டும் ஐயா, உங்களுடைய எந்தப் பக்கத்துக்கு நான் காலை வணக்கம் சொல்வது?”

டாக்சிக்காரரின் கேள்வி

வாயிலில் டாக்சி விட்டுக் காத்திருக்கிறவர்களில் ஒருவர் வங்காளதேசத்துக்காரர். முதல் வாரம் முழுவதும் கண்ணாடிக்குள்ளாலேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் இறங்கி வந்து, எங்கள் ஊரிலும் ஆண்கள் சாரம் கட்டுவார்களா என்று விசாரித்தார். ஓம் என்றேன். என்னுடைய அரசியல் வாழ்வில் எவராலும் கேட்கப்படாத ஒரு கேள்வியை அவர் கேட்டார்: “லுங்கியோடு இருந்த மனிதன், அதில் பாதியைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கா இவ்வளவு தூரம் வந்தாய்?”

பஸ்ஸில் ஒரு அன்ரி

ஒரு நாள் உடுப்பு மாற்றும் அறையில் தண்ணீர்க்குழாய் வெடித்தது. என் காற்சட்டை நனைந்துபோனதால் பாவாடையோடேயே வீட்டுக்குப் புறப்பட்டேன். சப்வேயில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அங்கே யானையோடு ஏறினாலும் கதவை மறைக்காமல் தள்ளி நிறுத்து என்றுதான் சொல்வார்கள். கரைச்சல் ஸ்காபரோ பஸ்ஸில்தான் ஏறியது. பஸ் முழுக்க எங்கட சனம்.

எனக்கு எதிரே மரக்கறிப் பையோடு இருந்த ஓர் அன்ரி, நான் தமிழன் இல்லை என்று எண்ணியோ, என்னவாய் இருந்தாலென்ன என்று எண்ணியோ, ரெலிபோனில் நேர்முக வர்ணனை செய்தார். “ஓமடி, முழங்காலுக்கு மேல. ஆள் எங்கட ஆக்களைப் போலத்தான் கிடக்கு. ஆம்பிளை மீசையும் இருக்கு. மனிசியோட சண்டை பிடிச்சுக்கொண்டு அவசரத்தில கையில கிடைச்சதைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டிருக்குது.” நான் பொறுமையாக இருந்தேன். என் தரிப்பிடமான வோபர்ன் வந்ததும் எழுந்து, “விடுங்கோ அன்ரி, நான் இறங்கவேணும்” என்றேன். அன்ரிக்கு ஒரு கணம்தான் முகம் வெளுத்தது. மறுகணம் என் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “குறை நினையாதேங்கோ அண்ணை, மடிப்பு ஒண்டும் கலையேல்லை, எங்க குடுத்து அயன் பண்ணினனியள்?”

புதிய உறுப்பினர்

பாவாடைக்குள்ளே என்ன என்ற கேள்வியை நாளுக்கு மூன்று பேராவது கேட்பார்கள். ஒவ்வொருவரும் உலகத்திலேயே தான்தான் முதலில் கேட்பதாக நினைத்துச் சிரிப்பார்கள். தோல்பைக்குள் மாத்திரையும் பஸ் அட்டையும் இருக்கின்றன என்று பதில் சொல்லிப் பழகிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை, கலியாணப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஏழெட்டுத் தோழியர் ஆரவாரமாக வந்தார்கள். கதவைத் திறக்க ஒரு கையை நீட்டியிருந்தேன். ஒருத்தி குனிந்து பாவாடை விளிம்பைப் பிடித்து இழுத்தாள். கதவை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். எனக்கு வயது அறுபத்தாறு. பொலிஸ் தடியடியில் நின்றவன். அவர்கள் போன பிறகும் பாவாடையை விட்டுக் கையை எடுக்கவில்லை. பெண் விடுதலையைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருப்பேன்! அத்தனை மேடையிலும் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பற்றி ஒரு வசனம் பேசவில்லை. உடுப்பு அறைக்குப் போய் மார்லினிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “எங்கள் சங்கத்துக்கு நல்வரவு தோழரே, நான் பதினாறு வயதிலிருந்து உறுப்பினர்.”

சேர்மன்

சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறவன் ஊரில் பெரிய மனிதரைக் கண்டால் மடிப்பை அவிழ்த்துக் கீழே இறக்கிவிட வேண்டும். அது மரியாதை. யார் பெரிய மனிதர் என்பது சாதி பார்த்து முடிவாகும். பதினேழு வயதில், சந்தியில், கிராமச்சபைச் சேர்மன் வந்தபோது நான் இறக்கவில்லை. அவர் கன்னத்தில் அறைந்தார். அப்போதும் இறக்கவில்லை. என் அப்பா செல்லன் தன் சாரத்தை இறக்கிவிட்டு எனக்காக மன்னிப்புக் கேட்டார். என் அரசியல் அந்தச் சந்தியில் தொடங்கியது. பிறகு மூன்று பேர் இருந்த கட்சியை நாலாகப் பிரித்தவர்களோடெல்லாம் காலம் தள்ளினேன். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் எவராலும் பிரிக்க முடியவில்லை.

அந்தச் சேர்மன் சென்ற வருடம் ஹோட்டலுக்கு வந்தார். தொண்ணூறு கடந்துவிட்டது. பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கிற மகன் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தான். யாரோ பேரப்பிள்ளையின் கலியாண வரவேற்பு. நான் அவரைக் கண்டுகொண்டேன். கண்ட கணத்தில், தோழர்களே, என் கை தானாகக் கீழே போய்ப் பாவாடை விளிம்பைப் பிடித்தது. ஐம்பது வருடம் வாய் பேசியதை ஒரு கை காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனால் பாவாடையில் இறக்குவதற்கு ஒன்றுமில்லையே! அது முழங்காலோடு முடிந்துபோன துணி. கையை எடுத்துக் கதவில் வைத்தேன். கிழவர் கண்ணைச் சுருக்கி, என் முகத்தையும் முழங்காலையும் மாறிமாறிப் பார்த்தார். “ஆர், செல்லன்ர மூத்தவனோ?” என்றார். ஓம் என்றேன். நாற்காலி உள்ளே உருளும்போது திரும்பி மகனிடம் சொன்னார்: “அண்டைக்கும் இறக்கேல்லை, இண்டைக்கும் இறக்கமாட்டான், உவன்ர தலையெழுத்து உது.”

நான் வாங்கிய பாராட்டுகளில் அதற்கு நிகரானது வேறில்லை. கையைப் பற்றி நான் அவருக்குச் சொல்லவில்லை.

விறைப்பு

தை மாதம் வந்தது. ஏரிக்காற்று பாவாடைக்குக் கீழேயும் காலுறைக்கு மேலேயும் உள்ள அந்த நாலு விரற்கடை இடத்தைத் தேடித்தேடி அடித்தது. என்னோடு வாயிலில் நிற்பவரின் பெயர் அப்டி. சோமாலியாக்காரர், நாலு பிள்ளைகளின் தகப்பன். அவர் ஊரிலும் ஆண்கள் சாரம்தான். வெய்யிலுக்குக் கட்டுகிற உடுப்பைப் பனியில் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தபடி நிற்போம். உள்ளே முழுக்கால் கம்பளி போட அனுமதி கேட்டோம். விளம்பரப் படத்தில் முழங்கால் தெரிகிறது, ஆகவே வாயிலிலும் தெரிய வேண்டும் என்றார் கிறெக். அவர் போட்டிருந்தது நீளக் காற்சட்டை.

ஒரு வெள்ளிக்கிழமை அப்டியின் முழங்காலில் தோல் வெள்ளையாகிவிட்டது. தொட்டால் தெரியவில்லை என்றார். மார்லின் வெதுவெதுப்பான ஈரத்துணியால் சுற்றிவிட்டாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் பதினொரு வேலையின் கதையும் அவர்களுக்குத் தெரியும். நான் பூமணியின் ஊசியை நினைத்துக்கொண்டு காலுறையை இழுத்துவிட்டேன். அப்டி கோபப்படவில்லை, அதுதான் சுட்டது. மெதுவாகச் சொன்னார்: “உனக்கு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், எனக்கு விளங்குகிறது, நீ பேசாதே.”

திருத்தம்

பேசாதே என்று முதலாளி சொன்னால் என்னால் பேச முடியும். தொழிலாளி சொன்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் எழுதத் தொடங்கினேன். ‘ஏகாதிபத்தியத்தின் கம்பளிப் பாவாடைக்குள் நடுங்கும் பாட்டாளி வர்க்கமே!’ என்று தொடங்கி மூன்று பக்கம். பூமணி கோவிலுக்குப் போயிருந்தாள். வர இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகும் என்று நினைத்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்று அவள் முதல் பக்கத்தை வாசித்து முடித்துவிட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தாள்களை எடுத்தாள். கிழிப்பாள் என்று இருந்தேன். எதிரே இருந்து மூன்று பக்கத்தையும் வாசித்தாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் அவள்தான். “ஊசி எனக்கு, முட்டு உங்களுக்கு. உங்கட முட்டை விறைக்கவிட்டுப்போட்டு நான் எத்தினை நாளைக்கு ஊசி குத்திறது?” என்றாள். “வேலை போனால்?” என்றேன். “போனால் பாப்பம். போகாத மாதிரி எழுதுங்கோ” என்றாள். பேனாவை வாங்கி முதல் இரண்டு பக்கத்தையும் குறுக்கே வெட்டினாள். மூன்றாம் பக்கத்தில் ஐந்து வரி மிஞ்சியது. நாற்பது வருடத்தில் என் எழுத்தைத் திருத்தத் துணிந்த ஒரே ஆசிரியை சொன்னாள்: “மனேஜருக்கு வர்க்கம் விளங்காது, முட்டு விளங்கும், அவருக்கும் ரெண்டு இருக்குத்தானே.”

பதினொரு நிமிடம்

அந்த ஐந்து வரியை ஆங்கிலத்தில் எழுதினேன். கோரிக்கை ஒன்றுதான்: முழங்கால் குளிராது என்று முடிவு செய்கிறவர், ஒரு மணித்தியாலம் எங்கள் உடுப்பில் வாயிலில் நின்றுவிட்டு முடிவு செய்யட்டும். வாயிலில் நிற்கிற நாலு பேரும் கையெழுத்து வைத்தோம். மார்லினும் வைத்தாள். கிறெக் வாசித்தார். என்னை வெளியே அனுப்பத்தான் வாய் திறந்தார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் மார்லின் முந்திக்கொண்டு, அவருடைய அளவிலேயே ஒன்று அயன் பண்ணி வைத்திருப்பதாகச் சொன்னாள். பூட்டன் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பெருமை பேசுகிறவர், அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பார்?

வந்து நின்றார். முதல் மூன்று நிமிடம் சிரித்தார். நாலாவது நிமிடம் ஒரு பயணி தன் பெட்டியை அவர் கையில் கொடுத்தான். ஆறாவது நிமிடம் இரண்டு பெண்கள் உள்ளே என்ன என்று கேட்டார்கள். எட்டாவது நிமிடம் ஏரியிலிருந்து ஒரு காற்று வந்தது. கிறெக் இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் ஆகவில்லை என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் எந்தப் பெரிய மனிதருக்கும் திறக்காத பணிவோடு கதவைத் திறந்தேன். பதினோராவது நிமிடத்தில் உள்ளே நுழைந்தவர், பற்கள் அடிக்க மார்லினிடம் கேட்டார்: “நீளக் கம்பளி கறுப்பிலா எடுக்கலாம், சாம்பலிலா?”

மறுநாள் அறிவிப்புப் பலகையில் அது ‘நிர்வாகத்தின் குளிர்காலப் பரிசு’ என்று ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் கையெழுத்துகளைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. என் கோப்பில் மட்டும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. ஆனாலும் வேலை இருக்கிறது, ஊசி வருகிறது, அப்டியின் முழங்காலில் தோலின் நிறம் திரும்பிவிட்டது.

முதலாளிகளின் மூளைக்குள் நான் நாற்பது வருடமாகப் புகுத்தப் பார்த்த சமத்துவம், கடைசியில் ஒருவருக்குள்ளாவது போனது, அதுவும் முழங்கால் வழியாகத்தான்.