மில் சுவரும் என் முணுமுணுப்பும்

வாணியம்பாடியில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ரைஸ் மில். விடிந்ததும் இன்ஜின் உறுமத் தொடங்கினால் பொழுது சாயும்வரை அலமாரித் தட்டுகள்கூட நடுங்கும். எனக்குத் தீராத தலைவலி, படபடப்பு. மில் நின்ற பிறகும் என் கணவருக்குக் காதில் இரைச்சல் நிற்காது. நாங்கள் கத்தித்தான் பேசிக்கொள்வோம். அதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது. அவர்மேல் எரிச்சல் வந்தால் பக்கத்தில் நின்றே வாய்க்கு வந்தபடி முணுமுணுப்பேன். ஒன்றும் அவர் காதில் விழாது.

"சத்தமில்லாத இடமா பாத்து ஒரு வாரம் இருந்துட்டு வாங்க" என்றார் டாக்டர். மில்லுக்குச் சாமை கொண்டுவரும் நெல்லிவாசல் மலைக்காரர் ஒருவர், தன் வீட்டிலேயே தங்கச் சொன்னார்.

போன அன்று அடித்துப்போட்டதுபோல் தூங்கினோம். காலையில் தலைவலியைத் தேடினேன், காணவில்லை. என் கணவர் காதிலும் இரைச்சல் அடங்கியிருந்தது.

"தண்ணி காஞ்சிடுச்சா?" என்று அவர் கத்தினார். "காஞ்சிடுச்சு!" என்று நானும் கத்தினேன். வீட்டுக்கார அம்மா பதறி ஓடிவந்தார்.

"இன்னாம்மா, காலங்காத்தால புருசன் பொஞ்சாதி சண்டை?"

வெட்கமாகிவிட்டது. குரலைத் தணித்தோம். என் கணவர் குளிக்கப் போனார். சற்று நேரத்தில் மறைப்புக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. சுருதி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். வழக்கம்போல் முணுமுணுத்தேன்.

"இதுக்குக் கழுதையே தேவலை."

பாட்டு நின்றது. சோப்பு நுரை வழியும் தலை எட்டிப்பார்த்தது.

"இத்தன வருஷமா இப்படியா திட்டிக்கினு இருந்த?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இத்தன வருஷமா நீங்க பாடிக்கினா இருந்தீங்க?"