சத்தமே வராத வண்டி

என் அக்கா புருஷனுக்குப் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் 'காது'. எந்த வண்டியாவது கோளாறு என்னவென்று காட்டிக்கொடுக்காமல் அடம்பிடித்தால், "காதைக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். மாமா வருவார். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். அரை நிமிடம். "மூணாவது நாசில் அடைச்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூணாவதுதான் அடைத்திருக்கும். அதற்குள் மாமா டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பியிருப்பார். அவருடைய பந்தாவே அதில்தான் இருந்தது.

அவருக்கென்று ஒரு டீசல் பிக்கப். வெள்ளை. இருபத்திரண்டு வருஷம் அதில் கண்ணாடிக் கடைக்கு லோடு அடித்தார். பின்னால் சாய்வாக ஒரு மரச்சட்டம் போட்டு, ஆள் உயரக் கண்ணாடிகளைச் சாய்த்துக் கட்டி, பிரேக்கே போடாதவர்போல ஓட்டுவார். அத்தனை வருஷத்தில் உடைந்தது மூன்றே கண்ணாடி. எந்தத் தெருவில், யார் குறுக்கே வந்ததால் என்று இன்றைக்கும் சொல்வார். வண்டிக்குள் பாயில் உட்காருவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். நான் ஒரு தடவை வேர்க்கடலைத் தோலைக் கீழே போட்டதற்கு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

இன்ஜின் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. "அதுவா சொல்ற வரைக்கும் அதுல கை வைக்கக் கூடாது மாப்ள. ஆயிலை மாத்து, பில்டரை மாத்து, அதோட விடு. சத்தம் குடுத்தா மட்டும் தொற. சும்மா நோண்டுறவன் மெக்கானிக் இல்ல, குரங்கு." எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். எனக்கு வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் குழறிவிட்டது. குரல் கட்டிலைத் தாண்டாது. இடது கை மட்டும் மிச்சம். மாமா ஒரு ஸ்டீல் டம்ளரைக் கட்டில் ஓரம் வைத்தார். இரும்புக் கட்டில் அது. கம்பியில் டம்ளரால் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மூன்று தட்டினால் ஒன்றும் வேண்டாம், சும்மா வந்து உட்கார். மூன்றாவதைச் சேர்த்தது அக்காதான். முதல் வருஷம் மாமா மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். லோடைக் குறைத்துக்கொண்டார். சமையல், துணி, அவளைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவர்தான். நன்றாகச் செய்தார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் மனுஷனில்லை.

இரண்டாவது வருஷம்தான் மாறியது. நான் போகும்போதெல்லாம் அக்கா கண் கலங்கினாள். குழறலில் ஒரு வாக்கியத்தைப் பிடிக்க எனக்கு நான்கு தடவை ஆகும். "தட்டினா... வர மாட்டேங்கிறாரு, தம்பி." கீழே இறங்கி மாமாவிடம் கேட்டேன். அவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இப்பல்லாம் அவ தட்டுறதே இல்ல மாப்ள. கொஞ்சம் தேறிட்டா போல" என்றார். முகத்தில் சந்தோஷம் வேறு. இந்த ஆள் இவ்வளவு கல்நெஞ்சக்காரரா என்று எனக்கு வயிறு எரிந்தது. சலித்துப்போய்விட்டது, அதனால் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று முடிவு கட்டினேன். போனில் பேசினால் பாதியில் "சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுவார். டிவியை அலறவிடுவார். எல்லாமே திமிராகத்தான் எனக்குத் தெரிந்தது.

போன வருஷம் ஒரு காலையில் அக்கா போய்விட்டாள். மாமா தினமும் ஏழு மணிக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, பக்கத்தில் நின்று குழாய்த் தண்ணீரால் கழுவுவார். அக்காவின் ஜன்னலுக்கு நேர் கீழே. கழுவித் துடைத்து மேலே போனபோது உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். 'நின்றிருக்கலாம்' என்றுதான் சொன்னார். மாமா அந்த 'லாம்'மை அப்போதே உதறிவிட்டார். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சுத்தான்.

"ஒரு தடவைகூடத் தட்டல. தட்டியிருந்தா எனக்குக் கேக்காதா? ஓடுற இன்ஜினுக்குள்ள ஒரு வாஷர் லூசா இருந்தா கேக்குற காது இது. கஷ்டப்படாமப் போயிட்டா."

அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் உயிரோடு இருந்தார். சாப்பிட்டதும் தூங்கியதும் அந்த ஒரு நம்பிக்கையில்தான்.

நான் கட்டிலுக்கடியில் கிடந்த டம்ளரை எடுத்துப் பார்த்தேன். விளிம்பு ஒரு பக்கம் தட்டையாக நசுங்கி உள்ளே மடிந்திருந்தது. முந்தின வாரம் அதில் நான்தான் அவளுக்கு மோர் கொடுத்தேன், அப்போது வட்டமாக இருந்தது. கட்டில் கம்பியில் பெயின்ட் உதிர்ந்து புதிதாக இரும்பு தெரிந்தது. ஒன்று இரண்டு மூன்று என்ற கணக்கெல்லாம் விட்டுப்போய், கை ஓயும்வரை அடித்திருக்கிறாள். யாரும் பார்ப்பதற்குள் டம்ளரை என் பையில் போட்டுக்கொண்டேன். என்றைக்காவது அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

வண்டியை விற்கச் சொல்லி நச்சரித்தது நான்தான். "இனிமே யாருக்காக மாமா ஓட்டப் போறீங்க?" என்று அக்கறையாகத்தான் கேட்டேன். அக்கறையாவது ஒன்றாவது. கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட அந்த வண்டி அவர் கையை விட்டுப் போவதை நான் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சரியென்றார். விளம்பரத்தை என் கடையிலேயே டைப் அடித்தேன். அவர் சொல்லச் சொல்ல: நன்றாகப் பராமரிக்கப்பட்ட டீசல் பிக்கப். ஒரே ஓனர். துரு கிடையாது. டயர் புதிது. கடைசியாக, "இதையும் போடு மாப்ள: வருஷம் ஏற ஏற சத்தம் குறையுற ஒரே இன்ஜின். இப்ப சத்தமே வராது" என்றார். போட்டேன்.

தண்ணீர் கேன் போடுகிற ஒருவர் வந்தார். கூடவே அவருடைய மெக்கானிக், அதிகம் பேசாத ஆள். வண்டியைச் சுற்றி வந்து, கீழே படுத்துப் பார்த்து, "இப்படி ஒரு வண்டிய நான் பாத்ததில்ல" என்றார். மாமா ஆகாயத்தில் மிதந்தார். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்தார்கள். மெக்கானிக் தலையைச் சாய்த்தார்.

"டேப்பட் தட்டுதேங்கய்யா."

மாமா சிரித்தார். "என் வண்டியா? நல்லாக் கேளுங்க."

"நல்லாத்தான் கேக்குது. டிக் டிக் டிக்னு. உங்களுக்குக் கேக்கலையா?"

தண்ணீர் கேன்காரர், "எனக்கே கேக்குதே சார்" என்றார். மாமா என்னைப் பார்த்தார். எனக்கும் கேட்டது. பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான். டீசல் வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்திருந்தேன்.

மாமா தன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். நுனியை வைத்தார், காதில் அழுத்தினார், கண்ணை மூடினார். அரை நிமிடம், ஒரு நிமிடம். பிறகு இன்னொரு காது. "ஒண்ணும் இல்லையேப்பா" என்றார். குரலில் பந்தா இல்லை.

மெக்கானிக் அவர் முகத்துக்கு நேரே போய் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "பிடியப் பல்லுல கடிச்சுப் பாருங்கய்யா. பட்டறையில கிரைண்டர் ஓடுறப்ப நீங்கதான் எங்க மேஸ்திரிக்கு இந்த வித்தையச் சொல்லிக் குடுத்தீங்களாம்."

மாமா பிடியைக் கடித்துக்கொண்டு இன்ஜின் மேல் குனிந்தார். அப்படியே நின்றார். எலும்பு வழியாக அவருக்குக் கேட்டுவிட்டது. ஸ்க்ரூ டிரைவர் நழுவி ரேடியேட்டர் மேல் விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை. அது விழுந்த சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வண்டியை அணைத்து இன்ஜின் மூடியைக் கழற்றினார்கள். மெக்கானிக் துணியால் துடைத்துவிட்டு, டேப்பட் என்கிற அந்த இரும்புத் துண்டை விரலால் காட்டினார். நுனியில் ஒரு பள்ளம், மிளகு வைத்தால் நிற்கும்.

"இரும்பு இரும்ப அடிச்சு அடிச்சு விழுந்த பள்ளம் இது. ஒரு மாசம் ரெண்டு மாசத்துல விழாது. எப்படியும் ரெண்டு வருஷமாத் தட்டியிருக்கு" என்றார்.

ரெண்டு வருஷம். மாமா அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த முகத்தின் முன் டம்ளரை நீட்ட ஒரு வருஷம் காத்திருந்தேனோ, அந்த முகம். கேட்டும் வராத மனுஷன் என்று நான் கரித்துக் கொட்டியவருக்குக் கேட்கவே இல்லை. அக்கா சலித்துக்கொண்டது, நான் வயிறெரிந்தது, எல்லாம் தண்டம். எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது.

"மாப்ள" என்றார். "அவ டம்ளரு எங்க? அன்னையிலேர்ந்து காணோம்."

நான் வாயைத் திறந்தேன். மெதுவாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

"எங்கிட்டதான் இருக்கு மாமா. ஞாபகத்துக்கு எடுத்துட்டுப் போனேன். அக்கா தட்டவே இல்ல. அது நல்லாத்தான் இருக்கு."

"என்ன?"

கையைக் காதின் பின்னால் குவித்துக்கொண்டு என் உதட்டையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷப் பந்தாவும் அந்த ஒரு கையசைவில் இறங்கிவிட்டது.

கத்தினேன். "அக்கா தட்டல மாமா! டம்ளர் நல்லா இருக்கு! ஒரு நசுங்கல் இல்ல!"

எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. தண்ணீர் கேன்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா என்னை வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. நம்ப வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது மட்டும் தெரிந்தது.

"அப்ப நாளைக்கு அதைக் கொண்டு வா" என்றார். "தடவிப் பாத்துட்டு வெச்சுக்கறேன்."

வண்டியைத் தண்ணீர் கேன்காரர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார். பேரம் பேசவில்லை. சாவியைக் கொடுக்குமுன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா நின்றிருக்கிறதா என்று.

நான் வீட்டுக்கு வரும்போது வெயில் இன்னும் இருந்தது. அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்தேன். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுக்கலாம்தான். ஆனால் அந்தக் கை ஆயிரம் தடவையாவது அதைக் கழுவித் துடைத்த கை, ஏமாற்ற முடியாது. நிமிர்த்தித்தான் ஆக வேண்டும். பின்பக்கத்துத் துவைக்கிற கல்லின் மேல் அதைப் படுக்கவைத்து, உள்ளே மடிந்த விளிம்பை உள்பக்கமிருந்து ஒரு பழைய ஸ்பேனரால் மெதுவாகத் தட்டினேன்.

ஒரே ஒரு தட்டு.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, குக்கர் கத்திக்கொண்டிருந்தது. என் மனைவி ஈரக் கையோடு பின்வாசல்படியில் வந்து நின்றாள்.

"கூப்பிட்டீங்களா?" என்றாள்.