கேட்டில் சிக்கிய ஓ.டி.பி.

ஆன்லைனில் பென்சனுக்கு எழுதிக்கொடுக்கும் தொழிலுக்கு முதல் தகுதி, திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே எதிரே இருப்பவரிடம் "இந்தா வந்துரும்" என்று அசராமல் சொல்லத் தெரிவது.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். வருகைப் பதிவேடு, பி.எப். பதிவேடு எல்லாம் என் கையெழுத்துதான். ஓய்வு பெற்ற பிறகு சிவகாசியில் கொழுந்தனார் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பெயர் ஜெபராணி என்றாலும் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ஆபீஸக்காதான். கம்பெனியில் ஐம்பத்தெட்டு வயது முடிந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தேடி வருகிறார்கள். உங்களில் யாராவது அப்பாவுக்கோ அத்தைக்கோ ஆன்லைனில் பென்சன் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான், பக்கத்தில் வந்து உட்காருங்கள். எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன், ஆனால் பேச்சியம்மாளுக்கு அலைந்ததுபோல வேறு யாருக்கும் அலைந்ததில்லை.

கை இருக்கு, ரேகை இல்லை

பேச்சியம்மாள் ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தாள். இருபத்தாறு வருடம் சரவெடி பின்னியவள். வயது ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது, தீபாவளியோடு வேலையும் முடிகிறது. புருஷன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகன் வேல்முருகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தீபாவளிக்கு வருகிறவன், திரும்பும்போது அம்மாவைக் கையோடு கூட்டிப்போவதாக முடிவு செய்துவிட்டான். மகனும் தங்கம், மருமகளும் தங்கம், ஆனாலும் பேச்சிக்குப் போக இஷ்டமில்லை. அவளுக்கு அவள் வீடு வேண்டும், அவள் அடுப்பு வேண்டும். "வேலையும் இல்லாம ஒத்தையில என்ன செய்வே" என்று மகன் கேட்டால் அவன் முன்னால் நீட்ட அவளுக்கு ஒரு காகிதம் வேண்டும். தீபாவளிக்குள் பென்சன் ஆர்டர் வந்தாக வேண்டும் என்றாள். நானும் வீறாப்பாக, அதுக்கென்ன, வாங்கிருவோம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் படியே சறுக்கியது. ஆதார் சரிபார்க்கிற ரேகை மெஷினில் வலது கட்டைவிரலை வைத்தாள், சிவப்பு. இடது, அதுவும் சிவப்பு. பத்து விரலையும் சுற்றி வந்தோம். மருந்தும் நூலும் இருபத்தாறு வருடம் தேய்த்த விரல், கூழாங்கல்லாக இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களெல்லாம் வைத்தியர்களாகிவிட்டார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார், ஒருவர் வெந்நீர் என்றார், காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த ஒரு பெரிய மனிதர் தேங்காய் எண்ணெய் வாங்கிவரத் தானே கிளம்பிவிட்டார். எல்லாம் செய்து பார்த்தோம். மெஷின் மசியவில்லை. பேச்சி விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தக் கைய வச்சுத்தான் இம்புட்டு வருசமும் கஞ்சி குடிச்சேன். இப்ப வந்து இது ஏங் கையே இல்லைங்குதேக்கா."

ஒரு சிமிட்டல்

விரல் கைவிட்டால் முகம் இருக்கிறது. செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டினால் பி.எப். கணக்கு திறக்கும். மறுநாளும் லீவு போட்டுவிட்டுக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன். போட்டோ எடுக்கப்போகிற சந்தோஷத்தில் தலை நிறையப் பூ வைத்து, பவுடர் போட்டு, கல்யாணத்துக்கு வருகிறவள்போல வந்து நின்றாள்.

கேமரா முன்னால் உட்கார்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ரேஷன் கார்டுக்குப் படம் பிடித்தபோது ஆடாதே, அசையாதே என்று யாரோ அதட்டியது இன்னும் மனசில் இருக்கிறதாம். இந்தக் கேமராவோ நேர்மாறு. உயிருள்ள ஆள்தானா என்று தெரிந்துகொள்ளக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணை இன்னும் அகலமாக விரித்தாள். நேரம் முடிந்துவிட்டது என்று போன் மூடிக்கொண்டது. மூன்று முறை இப்படியே போனது. கொழுந்தனார் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு, இப்படிச் சிமிட்டணும் என்று அவளுக்குச் சிமிட்டிக் காட்டப்போய், அவள் வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்பில் கண் தானாக மூடித் திறந்தது. பச்சை டிக். கணக்கு திறந்தது. கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் கை தட்டினார்கள். பேச்சி என் காதருகே வந்து சொன்னாள்: "எம் புருசங்கிட்டகூட நான் கண்ணடிச்சதில்லக்கா, கடைசில ஒரு போனு அடிக்க வச்சிருச்சே."

மூன்றாம் நம்பர் வேன்

விண்ணப்பத்தை முழுக்கப் பூர்த்தி செய்தேன். கடைசிப் பொத்தான். ஓ.டி.பி. அனுப்பியாகிவிட்டது என்று திரை சொல்கிறது. பேச்சியின் போன் பேசாமல் கிடக்கிறது. திரையில் அந்த நம்பரின் கடைசி நான்கு எண்கள் தெரிந்தன. அந்த எண் எனக்கு மனப்பாடம்.

இங்கே நான் ஒரு பாவமன்னிப்புக் கேட்க வேண்டும். ரொம்ப வருடத்துக்கு முன்னால் கம்பெனியிலேயே ஆதார் முகாம் போட்டார்கள். எல்லோருக்கும் செல் நம்பர் கேட்டார்கள். பாதிப் பேரிடம் போனே கிடையாது. சீசன் நேரம், வேலை நிற்கிறது, போர்மேன் கத்துகிறார். நான் ஒரு யோசனை சொன்னேன்: யார் எந்த வேனில் வருகிறார்களோ அந்த வேன் டிரைவர் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு என் புத்திசாலித்தனத்தை எல்லோரும் மெச்சினார்கள். ஆக, மூன்றாம் நம்பர் வேனில் வருகிற அத்தனை பேருக்கும் ஒரே நம்பர், டிரைவர் தங்கப்பாண்டியுடையது. நம்பரை மாற்றலாம்தான். மாற்ற ரேகை வேண்டும். ரேகைக்கு நான் எங்கே போவேன்?

சாயங்காலம் தங்கப்பாண்டியைப் பிடித்தேன். நேர்மையான ஆள், வேனில் யாராவது சோற்றுவாளியை விட்டுப்போனால் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பார். இத்தனை வருடமாக அடுத்தவர்கள் ஓ.டி.பி. உங்களுக்கு வந்திருக்குமே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "யாருகிட்டயும் சொல்லாதீகன்னு அதுலயே போட்டிருக்கேக்கா, நான் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல."

பத்து நிமிட ஓட்டம்

நம்பர் யாருடையது என்று தெரிந்துவிட்டது, இனி என்ன கஷ்டம் என்கிறீர்களா? சாயங்காலம் வேன் திரும்புகிற நேரத்தில் அந்த வெப்சைட் திறந்த சரித்திரமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கப்பாண்டி கல்யாண டிரிப்பில் சிக்னல் எட்டாத மலைக்குப் போய்விடுவார். வெப்சைட் நல்ல புத்தியோடு இருப்பது காலை பத்திலிருந்து பதினொன்று வரை. அந்த நேரம் தங்கப்பாண்டி கம்பெனிக்குள்ளே இருப்பார், அவர் போன் கேட்டில் இருக்கும். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் சூசையண்ணன் எல்லாப் போனையும் வாங்கி மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். அந்தச் சட்டத்தை நோட்டீஸ் அடித்துக் கேட்டில் ஒட்டியதும் அடியேன்தான்.

முதல் நாள், ஓ.டி.பி. போய்ச் சேர்ந்தது. சூசையண்ணனுக்குப் போன் போட்டேன். பெட்டிக்குள் போன் அழுகிற சத்தம் கேட்கிறது, சாவி போர்மேனிடம் இருக்கிறது, போர்மேன் கடைசி ஷெட்டில் இருக்கிறார் என்றார். பத்து நிமிடத்தில் ஓ.டி.பி. காலாவதி. இரண்டாம் நாள் சாவி இருந்தது, சிக்னல் இல்லை. மூன்றாம் நாள் போர்மேனிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, தங்கப்பாண்டியைக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவைத்தோம். நான் பொத்தானை அழுத்தினேன். வந்துருச்சு என்றார். ஒவ்வொரு எண்ணாக அவர் சொல்ல, சூசையண்ணன் திருப்பிச் சொல்ல, நான் அடிக்க, லீவு போட்டு வந்திருந்த பேச்சி என் தோளைப் பிடித்து உலுக்க, நாலாவது எண் மூன்றா எட்டா என்று அவர்கள் இருவருக்கும் சண்டை வர, எனக்கு வேர்த்து ஊற்றியது. எட்டு. விண்ணப்பம் பெறப்பட்டது என்று திரை சொன்னது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் சூசையண்ணனின் குரல் கேட்டது: "கெடச்சிருச்சா? சரி, இனி தாராளமா எல்லாரும் மூச்சு விடுங்க, நானும் போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வாரேன்."

எனக்கும் அவளுக்கும் ஒரே பிறந்தநாள்

பதினைந்தாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறந்த தேதி பொருந்தவில்லையாம். ஆதாரில் ஒரு தேதி, பி.எப். பதிவேட்டில் வேறு தேதி. கம்பெனிக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். என் குண்டு குண்டுக் கையெழுத்து. பேச்சியின் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது என்னுடைய பிறந்தநாள்.

அது இப்படி. வேலைக்குச் சேர வருகிறவர்களிடம் பிறந்த தேதி கேட்டால், பங்குனிப் பொங்கலுக்கு முந்தின செவ்வாய், கரிசல் ஊரணி நிறைந்த வருசம் என்று பதில் வரும். வருடத்தை எப்படியாவது கணக்குப் போட்டுவிடுவேன். நாளுக்கும் மாதத்துக்கும் எங்கே போக? கைக்கு வந்த தேதி என்னுடையதுதான், அதைப் போட்டுவிட்டேன். இப்படிக் கம்பெனியில் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் ஏகப்பட்ட பேர்.

தப்புச் செய்தவள் நான், ஓடியவளும் நான்தான். கம்பெனி ஒப்புதல் கடிதம் கொடுத்தால் தேதியைத் திருத்தலாம். தீபாவளி லோடு ஏறுகிற நேரம். மேனேஜர் ஒரு காதில் போனும் ஒரு கையில் பில்லுமாக இருந்தார். பகல் முழுக்க அவர் மேஜைக்கு எதிரே, நான் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்த அதே ஆபீசில், விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து வந்தால் பேச்சி மூட்டை கட்ட வேண்டும். நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை நீட்டிக்கொண்டே கேட்டார்: "எழுதுனதுக்கு ஒருக்கா சம்பளம் குடுத்தாச்சு, இனி ஒண்ணொண்ணா அழிக்க வேற வருவீகளாக்கா?"

திருப்பூர் பஸ்

திருத்தி மறுபடியும் அனுப்பினோம். மறுபடியும் கேட், மறுபடியும் வேப்பமரம். இந்த முறை ஒரே தடவையில் முடிந்தது, எங்களுக்குப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் காலை பத்து மணிக்குப் பக்கத்தைத் திறப்பேன். பரிசீலனையில் உள்ளது. மறுநாளும் பரிசீலனையில் உள்ளது. தீபாவளி வந்தது. அன்றைக்கும் பரிசீலனையில்தான் இருந்தது. வேல்முருகன் வந்தான். பேச்சி வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக அவள் கையாட்டியபோது நான் கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்கிருவோம் என்று வாய்ச் சவடால் அடித்தவள் நான்தானே.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள். பத்து மணி. பழக்கதோஷத்தில் திறந்தேன். பரிசீலனையைக் காணோம். அந்த இடத்தில் பென்சன் ஆர்டர் நம்பர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், பேச்சியம்மாள் என்றே இருந்தது. அச்செடுத்தேன், அவசரத்தில் இரண்டு பிரதி எடுத்துவிட்டேன். வேல்முருகனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கே சந்தோஷம், அம்மாவிடம் கொடுத்தான். சாவி பத்திரமா இருக்காக்கா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை நான் கடை திறக்க வந்தால், பை பக்கத்தில் இருக்க, வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். ராத்திரி பஸ்ஸில் தனியாகவே வந்துவிட்டாள். காகிதத்தைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித் தன் பெயரை மட்டும் இரண்டு தடவை படித்தாள். தொகை எவ்வளவு என்று கேட்கவேயில்லை. மகன் வீட்டில் ஏதும் மனத்தாங்கலா என்று நான்தான் கேட்டேன். சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒரு கொறையும் இல்லக்கா, ராணி கணக்கா வச்சிருந்தாக. ஒரு வாய் டீ குடிக்கணும்னா மட்டும், கேப்பமா வேண்டாமான்னு ரெண்டு தடவ யோசிப்பேன்."

வீட்டிலிருந்தபடியே பென்சனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்த வெப்சைட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பேச்சியம்மாள் விண்ணப்பித்ததே அவள் வீட்டில் இருப்பதற்காகத்தான்.