பக்கத்து வீட்டைத் திறந்த எங்கள் வீட்டு நம்பர்

என் கையெழுத்து கோணல் மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு, தவறு இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது நடந்தது சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், எங்கள் கொல்லிமலையில். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; தேவனூர் நாட்டில் ஒரு பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். முதலாளி ஈரோட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கிப் போவார். மற்ற நாட்களில் வீடும் சுற்றியுள்ள மிளகுக் கொடிகளும் என் பொறுப்பு. எனக்கு அதிகம் பேச வராது. ஆள் இல்லாத வீட்டைக் காப்பதுதான் உனக்குச் சரியான வேலை என்று என் மனைவி சொல்வாள்.

பக்கத்துப் பங்களாவில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டைக் கூட்டித் துடைக்க எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி தினமும் போவாள். எனக்குத் தங்கை முறை.

இரண்டு பங்களாவுக்கும் ஒரே வாரத்தில்தான் திருட்டு பயத்துக்காக நம்பர் பூட்டுப் பெட்டியை மாட்டினார்கள். வாசல் கதவோரம் இருக்கும். நாலு எண்ணை அழுத்தினால் பூட்டு திறக்கும், கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். யாராவது ஜன்னல் வழியாக உள்ளே புகுந்தால் சைரன் அலறும். அதை நிறுத்தவும் அதே நாலு எண்தான். மாட்ட வந்தவர், இப்போது இருப்பது கம்பெனி நம்பர், மாற்றிக்கொள்ளுங்கள், வழி புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

புத்தகம் முழுக்க இங்கிலீஷ். நம்பரை மட்டும் அட்டையில் ஒட்டியிருந்தார்கள். கரண்ட் ஆபீசில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சர்வீஸ் நம்பர் தருகிறார்களே, அந்த மாதிரி இது நம் வீட்டுக்கென்று கொடுத்த நம்பர் என்று நினைத்துக்கொண்டேன். ஆபீசில் கொடுத்த நம்பரை யாராவது மாற்றுவார்களா? ஒரு வாரம் கழித்து முதலாளி போனில், நம்பரை மாற்றியாச்சா என்று கேட்டார். படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மாத்தியாச்சுங்க என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் நம்பர் உன்னிடமே இருக்கட்டும், நான் வந்தால் நீதானே திறக்கப் போகிறாய் என்றார். அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்கு நர்ஸம்மா மலையடிவாரத்தில் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போயிருந்தார். தங்கை வேலையை முடித்துவிட்டு மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டாள். முன்பகல் நேரம், ஆனாலும் பத்தடிக்கு அப்பால் தெரியாத அளவுக்கு மூடுபனி. திடீரென்று நர்ஸம்மா வீட்டுச் சைரன் அலற ஆரம்பித்தது. ஓடினேன். சமையலறை ஜன்னல் கொக்கி சரியாக விழாமல், திறந்துகொண்டு ஆடியது. உள்ளே ஒரு குரங்கு.

எங்கள் வீட்டிலும் அந்தச் சைரன் அடிக்கடி வீணாக அலறும். நிறுத்தி நிறுத்திக் கைக்குப் பழகிவிட்டது. அந்தப் பதற்றத்தில் யோசிக்காமல் வாசல் பெட்டியில் எங்கள் வீட்டு நம்பரையே அழுத்திவிட்டேன். சைரன் நின்றது. கதவும் திறந்துகொண்டது.

சத்தம் நின்ற நிம்மதி ஒரு நொடிதான். எங்கள் நம்பருக்கு இந்த வீடு ஏன் திறக்கிறது?

உள்ளே போய்க் குரங்கை விரட்டி ஜன்னலைச் சாத்தினேன். ராகி மாவு டப்பாவைக் கவிழ்த்து, வாழைப்பழத் தோலை எங்கும் போட்டு வைத்திருந்தது. துடைப்பம் கண்ணில் பட்டால் கூட்டாமல் இருக்க எனக்குத் தெரியாது. சுத்தமாகக் கூட்டி வெளியே கொட்டினேன். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. எப்படி உள்ளே வந்தாய் என்று கேட்டால் நம்பரைச் சொல்ல வேண்டும். நம்பரைச் சொன்னால் முதலாளியிடம் நான் சொன்ன பொய் வெளியே வரும். கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் நர்ஸம்மா பஸ்ஸிலிருந்து இறங்கிப் போவதைப் பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை.

சைரன் அலறினால் போகாது, ஆனால் நம்பர் போட்டு அந்தக் கதவை யார் திறந்தாலும் அவர் செல்போனுக்குச் செய்தி போகும் என்பது எனக்குத் தெரியாது. பெட்டி வீட்டு லேண்ட்லைன் வழியாக அனுப்புமாம், ஆனால் மலைமேல் செல்போனுக்கு டவர் கிடைக்காது. சந்தையில் நிற்கும்போது வந்திருக்கிறது, நம்பர் போட்டுக் கதவைத் திறந்தார்கள் என்று. நம்பர் தெரிந்தவர்கள் அவரும் தங்கையும்தான். ஏன் திறந்தாய் என்று கேட்டிருக்கிறார். அவள் இல்லை என்றிருக்கிறாள். குரங்கு வந்த தடயத்தைத்தான் நானே கூட்டிக் கொட்டிவிட்டேனே. பொருள் ஒன்றும் போகவில்லை, ஆனால் பொய் சொல்கிறவளை வீட்டுக்குள் விட முடியாது என்று நிறுத்திவிட்டார்.

மூன்று நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில்தான் எனக்கு இது தெரிந்தது. அவள் வேலை பார்த்த இன்னொரு பங்களாவிலும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வரிசையில் நின்ற ஒருத்தி, "மிசினு சொன்னா சொன்னதுதான். அதுக்கென்ன இவ மேல பொறாமையா?" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

தங்கை அவளை விட்டுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கண்ணா, உங்ககிட்டயும் அதே பெட்டிதான இருக்குது. அது பொய் சொல்லுமுங்களா?"

"தெரியலயே கண்ணு" என்றேன்.

அரிசி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நர்ஸம்மா வாசலில் போய் நின்றேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. கொஞ்சம் வெளியே வாருங்கள், கதவைச் சாத்துங்கள் என்று மட்டும் சொன்னேன். என்ன நினைத்தாரோ, சாத்திவிட்டு வந்து நின்றார். நான் நாலு எண்ணையும் அழுத்தினேன். கதவு திறந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. "இது உனக்கு எப்படித் தெரியும்?"

"இது எங்க ஊட்டு நம்பருங்க" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குரங்கு, மாவு, நான் கூட்டியது, முதலாளியிடம் சொன்ன பொய். நர்ஸம்மா செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் பங்களாவுக்கு நடந்தார். அவரே அழுத்திப் பார்த்தார். அதுவும் திறந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்.

"ஆளுக்கொரு ஊசின்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நான், ஊட்டுக்கொரு நம்பருன்னு யோசிக்கலயே" என்றார். அப்புறம், "அந்தப் புள்ளையப் போய்ப் பொய்க்காரின்னு சொல்லிப்போட்டனே" என்றார்.

தங்கையும் நானும் தினமும் ஒரே பாதையில் வேலைக்கு நடந்திருக்கிறோம். இரண்டு பேர் மனதிலும் இருந்தது ஒரே நம்பர். ரகசியம் என்பதால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

நர்ஸம்மா புத்தகத்தைப் படித்துச் சொல்ல, இரண்டு வீட்டு நம்பரையும் மாற்றினோம். இரண்டு நிமிட வேலைதான். பழைய நம்பரை நான் இங்கே எழுத மாட்டேன். இன்னும் எத்தனை வீடுகளில் அதுவே இருக்கிறதோ. உங்கள் வீட்டில் இப்படிப் பெட்டி இருந்தால், மாட்டிய அன்றைக்கே மாற்றிவிடுங்கள். புரியாவிட்டால் யாரையாவது கேளுங்கள். கேட்பதில் வெட்கமே இல்லை.

முதலாளிக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவரோ, "படிக்கத் தெரியலைன்னு சொல்லியிருந்தா நானே வந்து மாத்தியிருப்பனேப்பா" என்றார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

அன்றைக்கே நர்ஸம்மாவும் நானும் தங்கை வீட்டுக்குப் போனோம். அவள் மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா அவள் கையைப் பிடித்து, "தப்பு எம்மேலதான் சாமி, மனசுல வச்சுக்காத" என்று சொல்லி, அந்த இன்னொரு பங்களாவுக்கும் நானே வந்து சொல்கிறேன் என்றார். அதே போல மறுநாள் போய்ச் சொல்லவும் செய்தார். அப்புறம் புது நம்பரைச் சொல்ல வாயெடுத்தார்.

"நம்பரு எனக்கு வேண்டாங்க. நீங்க ஊட்டுல இருக்கறப்பவே வாரேன்" என்றாள் தங்கை.

கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "கடையில நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமுங்கண்ணா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு எல்லா வீட்டிலும் வேலை இருக்கிறது. யாரும் அவளைத் தப்பாகப் பேசுவதில்லை. என்னிடமும் பழையபடிதான் பேசுகிறாள். ஆனால் நர்ஸம்மா அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டும் நம்பரை மட்டும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை. தினமும் காலையில் பனிக்குள் அந்த வாசலில் நின்று, "அம்மா, வந்துட்டனுங்க" என்று குரல் கொடுக்கிறாள். உள்ளேயிருந்து கதவு திறக்கும்வரை நிற்கிறாள். எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் தெரியும். அந்தக் கொஞ்ச நேரமும், அன்று ரேஷன் கடையில் நான் சொல்லாமல் விட்ட பதிலுக்காகத்தான் அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

எழுதி முடித்தது: கார்த்திகை மூன்றாம் தேதி, காலை.