இரவல் கழிவில் ஒரு பந்தெறி பொறி

விஞ்ஞானம் படிப்பிப்பது லேசு, மேலிடத்திலிருந்து வரும் போட்டி அறிவித்தல்களிலிருந்து தப்புவதுதான் கஷ்டம். ஆசிரியத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். எண்பதுகளின் நடுவில் ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞான ரீச்சராக இருந்தேன். கழிவுப் பொருட்களால் பந்து எறியும் பொறி செய்யவேண்டுமாம், போட்டி வேலணையிலாம், வென்றால் யாழ்ப்பாணம் போகலாமாம். அதுவரை எந்தப் போட்டியிலும் நாங்கள் தீவைத் தாண்டியதில்லை. பிள்ளைகள் துள்ளினார்கள். உண்மையைச் சொன்னால், நான்தான் கூடத் துள்ளினேன்.

எறிகிற சாமான்

வீட்டில் எறிகிற சாமான்களைக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த நாள் எல்லாரும் வெறுங்கையோடு வந்தார்கள். உடைந்த கதிரைக் கால் கோழிக்கூட்டுக்கு முண்டு கொடுக்கவாம். பால்மாத் தகரப் பேணி அரிசி அளக்கவாம். பழுதான சைக்கிள் ரியூப்பை நீளமாகக் கீறினால் எதையும் இறுக்கிக் கட்டலாமாம். எனக்குப் பெரிய ஏமாற்றம். சைக்கிளில் மீன் விற்கும் அந்தோனி அண்ணையின் மகள் ஜெசிந்தாதான் வழி சொன்னாள்.

"எங்கட வீட்டில எறியிறதெண்டு ஒண்டும் இல்லை ரீச்சர். இரவலாக் கொண்டுவந்தால் போதாதோ?"

முதல் எறி

கதிரைக் கால்களில் சட்டம், பனை மட்டையில் கை, அதன் நுனியில் பேணி, இழுக்க இரண்டு ரியூப் பட்டிகள். மட்டையை வளைத்து ஒரு ஆணியில் மாட்டிவிட்டுத் தட்டினால் பந்து பறக்கும். தென்மேற்குச் சோளகக் காற்று முகத்தில் அடிக்க அடிக்க எறிந்து பார்த்தோம். அந்தக் காற்றையும் கிழித்துக்கொண்டு போன பந்து அதிபரின் அறைக் கதவில் மோதியது. பிள்ளைகள் கூவிய கூவலில் பக்கத்து வளவுக் காகமெல்லாம் கிளம்பிவிட்டது. பந்தோடு வெளியே வந்த அதிபர், ஆமி வாகனம் ஏதும் வருகிறதோ என்று முதலில் றோட்டைத்தான் பார்த்தார்.

"ஆர் கேட்டாலும் விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லும். எறியிற மெசின் எண்டு மட்டும் வாய் திறக்காதையும்."

படலையில் ஒரு வழக்கு

போட்டியன்று காலை அந்தோனி அண்ணை பள்ளிக்கூடப் படலை வாசலில் நின்றார். அந்த ரியூப் பட்டிகள் அவர் மீன்பெட்டியைச் சைக்கிளில் கட்டுகிறவை. இப்போது கயிற்றால் கட்டியதில் பெட்டி சரிந்துகொண்டே இருந்தது. ஒரு பட்டியையாவது கழற்றித் தரக் கேட்டார். "பின்னேரம் கட்டாயம் தாறன் அண்ணை, இப்ப ஏலாது" என்றேன். அவர் பெட்டியை ஒரு கையால் பிடித்தபடி சைக்கிளைத் திருப்பினார்.

"பின்னேரம் வரைக்கும் மீன் என்னைப் பாத்துக்கொண்டு இருக்காது ரீச்சர்."

வேலணையில்

தூரத்தில் ஒரு பனையோலைக் கடகம். மூன்று பந்தில் ஒன்றாவது அதற்குள் விழவேண்டும். மற்றப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் தவறவிட்டிருந்தன. எங்கள் முதல் பந்து கடகத்தைத் தாண்டி மதிலடியில் விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். காற்று இங்கே எங்கள் முதுகுப் பக்கம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறைத்து இழுக்கலாமென்றால் இருப்பது ஒரே ஆணி.

மூன்றாவது பந்தை வைத்து மாட்டிய நேரம் பார்த்து அந்தோனி அண்ணை வந்தார். பெட்டி றோட்டில் விழுந்துவிட்டதாம். வந்த வேகத்தில் ஒரு பட்டியைக் கழற்றினார். மற்றதையும் தொட, ஜெசிந்தா தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, மிஞ்சிய ஒற்றைப் பட்டியோடு ஆணியைத் தட்டினாள். பந்து எழும்பியது, வளைந்தது, நேரே கடகத்துக்குள் விழுந்தது. நான் ரீச்சர் என்பதை மறந்து கத்தினேன். அந்தோனி அண்ணை கையிலிருந்த பட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதைத்தானே ரீச்சர் நான் காலமை கழட்டக் கேட்டனான்."

யாழ்ப்பாணம் போகத் தெரிவாகிவிட்டோம், ஆனால் பொழுதுபடுவதற்குள் பேணி அரிசிக்கும் கால் கோழிக்கூட்டுக்கும் பட்டி மீன்பெட்டிக்கும் திரும்பிவிட, கழிவுப் பொருள் போட்டியில் வென்ற எங்களிடம் கழிவென்று ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.